கேசரிக்குள் ஒரு பூண்டுப் பல்

பதினேழு வயதில் நான் ஒரு ரத்தக்காட்டேரியைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தேன். காட்டேரிக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல. ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரி இருந்தது. முக்தி தேடி வந்த வெளிநாட்டவர்கள் ஊருக்குத் திரும்பும்போது தங்கள் பற்றுகளை அதில் துறந்துவிட்டுப் போவார்கள். துறந்ததில் பாதி ரத்தக்காட்டேரிக் காதல் கதைகள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து, அகராதியின் துணையோடு பதினோரு நாவல்களை முடித்தேன். (இயற்பியலில் எவ்வளவு வாங்கினேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

எல்லாம் ஒரே கதைதான். கதாநாயகனுக்கு வயது இருநூறு. ஆனாலும் பள்ளிக்கூட பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். வெளுத்த முகம், சில்லென்ற கை, சிவந்த கண். ராத்திரியெல்லாம் ஜன்னலோரம் நின்று, பெண் தூங்குவதையே பார்ப்பான். எங்கள் வேங்கிக்காலில் ஒருவன் அப்படி நின்றால் தெருவே சேர்ந்து கட்டிவைத்து உதைக்கும். புத்தகத்தில் நின்றால் அது தெய்வீகக் காதல். நம் பக்கத்திலும் காட்டேரி உண்டு. ஊர் எல்லையில் கருவாடு படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருகிறோம். பாவம், அதற்குத் தலைவாரிவிட ஆளில்லை.

அந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது என்று, மூன்று வேளையும் சமைக்கிற இந்த வயதில் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. அந்த மாப்பிள்ளை சாப்பிடவே மாட்டான். மாவு அரைக்க வேண்டாம். மாமியார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் அன்று எனக்குப் பிடித்தது வேறு. வீட்டில் என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத காலம் அது. எல்லோர் கண்ணும் கல்யாண வயதில் இருந்த அக்காமீது. அப்போது ஒருவன், உலகத்தையே விட்டுவிட்டு ஒரு சாதாரணப் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதைப் படித்தால் எனக்கு அழுகையே வரும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மலை சுற்றும் பாதையிலிருக்கும் அடி அண்ணாமலை, வேலை சென்னையில். இதற்கு முன் வந்த நான்கு வரன்களின் போட்டோவை அக்கா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இவர் போட்டோவை மட்டும் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். (நான் தேடவில்லை. கைபட்டது.)

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் உள்ளே நுழைந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி. அதைக் கழற்றினால் செக்கச் சிவந்த கண். வெயிலே படாத வெளுப்பு.

“ஷிப்டு முடிச்சிட்டு நேரா பஸ் ஏறி வந்துட்டான்” என்றார் அவருடைய அம்மா. “அமெரிக்காக்காரனோட வேலை. ராத்திரி பூரா முழிச்சிருப்பான், பகல்லதான் தூக்கம்.”

அப்பாவும் அம்மாவும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. தண்ணீர் கொடுக்கும்போது விரல் பட்டது, சில்லென்று இருந்தது. (வந்தவுடன் குழாயடியில் கைகால் கழுவியிருந்தார் என்பதை அறிவுள்ள எவரும் கவனித்திருப்பார்கள்.) வெங்காய பஜ்ஜியை நீட்டினேன். பதறிப் பின்வாங்கினார்.

“வேணாங்க. தண்ணி போதும்.”

“கேசரி மட்டும் குடுங்க” என்றார் அவர் அம்மா, அவசரமாக.

இருநூறு வயதுக்காரர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! ஆனால் பார்க்க வந்தது என்னை அல்ல, குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்காவை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சுத்தமான பொறாமை.

காட்டேரிக்குப் பூண்டு ஆகாது என்பதில் பதினோரு நாவலாசிரியர்களும் ஒத்துப்போயிருந்தார்கள். சமையலறைக்குப் போய் ஒரு பூண்டுப் பல்லை உரித்தேன். அவருக்கான கேசரியில், நெய்யில் மிதந்த முந்திரிகளுக்கு நடுவே அதுவும் ஒரு முந்திரியாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது ஸ்பூனில் அவர் அதைக் கடித்தார். முகம் கோணியது. கண்ணில் நீர். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

நானும் துள்ளி எழுந்து, “அக்கா! நான் நெனச்சேன்! இவரு மனுஷனே இல்ல!” என்று கூவினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்: “அம்மா... பூண்டு.”

“ஐயோ! நாப்பத்தேழு நாள்!” என்று தலையில் கைவைத்தார் அவர் அம்மா.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பையனுக்கு நல்ல பெண் அமைய வேண்டும் என்று அந்த அம்மா வேண்டுதல் வைத்திருந்தார். நாற்பத்தெட்டு நாள் மகன் பூண்டு, வெங்காயம் தொடக்கூடாது; முடிந்ததும் மலை சுற்ற வேண்டும். பெண் கிடைக்கவில்லை என்று வேண்டிக்கொண்டதைப் பெண் வீட்டிலேயே போய் எப்படிச் சொல்வது? அதனால் சொல்லவில்லை. ஒரே ஒரு நாள் பாக்கி.

என்னை விசாரித்தார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். “காட்டேரிதான்... ஆனா நல்ல காட்டேரிங்க.”

“எம்புள்ளயப் பாத்து காட்டேரின்றியா? காட்டேரில நல்லது வேற இருக்குதா?” என்றார் அந்த அம்மா. “மறுபடியும் முதல் நாள்லேர்ந்து ஆரம்பிக்கணும். அது முடியறவரைக்கும் சம்பந்தப் பேச்சே வேணாம். பூண்டு போட்ட இவளும் வெங்காயம், பூண்டு இல்லாம இருக்கட்டும். கடைசி நாள் எங்களோட வெறுங்காலோட மலை சுத்தட்டும்.”

அவர்கள் போனபின் அப்பா பதினோரு நாவல்களையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அது வலிக்கவில்லை. அக்கா என்னைத் திட்டாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுதான் வலித்தது. நல்லவேளையாக, மறுநாள் அவள் எனக்காக மன்னிப்புக் கேட்க அவருக்குப் போன் செய்தாள். அந்த மன்னிப்பு நாற்பத்தெட்டு நாள் நடந்தது. தினமும் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம்.

கடைசி நாள் காலையில் பதினான்கு கிலோமீட்டர் நடந்தோம். கதைகளில் வருவதுபோல் வெயிலில் அவர் சாம்பலாகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். (அப்போதும் ஒரு சின்ன நம்பிக்கை.) வியர்த்ததோடு சரி. கால் கொப்பளித்து எனக்கு முன்னே நொண்டிக்கொண்டு போனார். அவர் வீட்டு வாசலிலேயே கல்யாணப் பேச்சு முடிந்தது.

“நீ மட்டும் பூண்டு போடலன்னா, ரெண்டு தடவ முகத்தைப் பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம கழுத்த நீட்டியிருப்பேன்டி” என்று அக்கா இன்றும் சொல்கிறாள். மாமாவும் மறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு ஒரு கிலோ பூண்டைப் பட்டுத்துணியில் கட்டிச் சீர்வரிசையோடு வைத்தார்.

மாமாவின் அம்மா மட்டும் இன்னும் சமாதானத்துக்கு வரவில்லை. நான் அடி அண்ணாமலைக்குப் போனால் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு உள்ளே போகிறார். பூண்டுக் கூடை பரண் மேல் ஏறுகிற சத்தம் கேட்கிறது. அதன்பிறகுதான் “உள்ள வாம்மா” என்கிறார்.