உத்தரவு இன்னும் முடியவில்லை

பொன்னேரியில் நெல்லோடும் மாட்டோடும் சௌக்கியமாக இருக்கும் மாமா செங்கல்வராயன் அவர்களின் காலில், பழவேற்காட்டு மருமகன் கண்ணப்பன் விழுந்து, எழுந்து, எழுதிக்கொள்வது. நைனாவின் தொண்டை நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் சுகத்துக்கும் எருமையின் சுகத்துக்கும் பதில் எழுதவும்.

நான் கோட்டைக்காரரை ஏமாற்றிவிட்டதாக உங்கள் ஊரில் பேச்சு என்று கோபமாக ஓலை அனுப்பியிருந்தீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு நாக்குத்தான் திக்கும், எழுத்தாணி திக்காது. அதனால் நிறுத்தாமல் போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஊருக்குத் தமுக்கடித்து அறிவிப்புச் சொல்லும் நைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட சமயம் பார்த்து ஒல்லாந்துக்காரரின் கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. மதிலுக்குக் கல் ஏற்ற மீன்பிடிப் படகுகள் எல்லாம் உடனே பறிமுதல், கூலி கிடையாது. போன தடவை கொண்டுபோன படகுகள் விறகாகத்தான் திரும்பின. இப்போதோ ஏரியில் இறால் கொழுத்த பருவம், படகு போனால் குப்பத்தில் அடுப்பு எரியாது. அப்பனுக்குப் பதில் மகன் சொல்லட்டும் என்று, வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழாக்கும் துபாஷி ஆதிகேசவன் என்னை இழுத்துப்போய்ச் சந்தையில் நிறுத்தினார். சபையில் வாயைத் திறக்காமல் இருந்தால் கௌரவமாக இருக்கலாம் என்ற உங்கள் புத்திமதியை இத்தனை வருஷம் காப்பாற்றி வந்தேன். அன்றைக்குத் திறக்கும்படி ஆகிவிட்டது.

"ப… ப… ப…" என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல எனக்காக முடித்துவைக்க ஊரே போட்டி போட்டது. "பல்லக்கா?" என்றான் ஒருத்தன். "பன்னியா?" என்றான் வலைக்கார சுப்பன். ஒரே சிரிப்பு. மற்ற நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. "ப… படகு" என்றேன். சிரிப்பு நின்றது. "எல்… எல்லாப் ப… ப…" கருவாடு விற்கும் திரௌபதி அக்கா, துபாஷியின் பின்னால் நின்ற சிப்பாய்களைப் பார்த்தாள். "இன்னாடா குறுக்க குறுக்க பேசினு? அவன் நிதானமா சொல்லட்டும்" என்று அதட்டிவிட்டு, கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைப் பக்கம் நடந்தாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருத்தராக நழுவினார்கள்.

துபாஷிக்கு விளங்கிவிட்டது. "தள்றா, நானே சொல்லிக்கிறேன்" என்று என் கையிலிருந்த உத்தரவு ஓலையைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை. "நா… நான் இன்னும் மு… முடிக்கல, ஐயா" என்றேன். மாமா, பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் வாய்க்கே இனிப்பாக இருந்தது. நாற்காலியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி என்ன தகராறு என்று கேட்டார். அவர்கள் சட்டப்படி, அறிவிக்கிறவன் கடைசி வார்த்தைவரை சொல்லி முடிக்காமல் யார் பொருளிலும் கை வைக்கக் கூடாதாம். அவர் பெருமூச்சு விட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, சொல்லட்டும் என்று சைகை காட்டினார். நான் "பறிமுதல்" என்ற சொல்லுக்குள் இறங்கினேன். அதிலிருந்து வெளியே வரவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "கூ… கூலி கிடையாது" என்று முடித்தபோது எதிரில் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நாய். சிப்பாய்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் கரையில் நண்டுதான் இருந்தது. படகெல்லாம் வடக்கே, கோட்டை அதிகாரம் செல்லாத தீவுகளுக்குப் போய்விட்டன.

என்னைக் கோட்டைக்குள் வைத்து விசாரித்தார்கள். ஒரு வார்த்தையாவது விட்டேனா என்று கேட்டதற்குத் துபாஷியே இல்லை என்றார். மற்றக் கேள்விகளுக்கு என் பதிலைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இல்லை, பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். இப்போது சந்தையில் நான் வாயைத் திறந்தால் சுப்பன்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறான்.

ஆகவே இது முழுக்க என் நாக்கின் வேலை, என்மேல் குற்றம் ஒன்றுமில்லை என்று ஊரில் சொல்லவும். அத்தைக்கு என் கும்பிடு. எருமையைத் தடவிக் கொடுக்கவும். உங்கள் வயலில் மழை கேட்டபோது பெய்து, போதும் என்றபோது நிற்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணப்பன்

பின்குறிப்பு: அத்தைக்குப் படித்துக்காட்டும்போது இதை விட்டுவிடவும். தமுக்கைத் தட்டிக்கொண்டே அந்தத் தாளத்தில் பேசினால் எனக்குத் திக்குவதே இல்லை. முந்தின நாள் ஏரிக்கரையில் நைனாவின் பழைய அறிவிப்பு ஒன்றைத் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், முழுதும் தண்ணீராக ஓடியது. ஊர் முன்னால் ஒரே ஒரு தரம் அப்படிப் பேசிக் காட்ட எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. சந்தையில் ஏறி நின்று, குப்பத்துக்காரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, தமுக்கைக் கீழே வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நேரே பொன்னேரிக்கு வந்து, தமுக்கில்லாமல், காரணத்தை உங்களுக்கு வாயாலேயே விளக்குவேன்.