பால் ஊற்றாத கடை

நாளை முதல் விடியக்காலையில் நடப்பது என்று அர்த்தனாரி முடிவு செய்தார். உண்மையில் முடிவு செய்தது நாமக்கல் டாக்டர். இரண்டு மாதத்தில் சர்க்கரை குறையாவிட்டால் ஊசி. அதுவும் தினமும். அதுவும் தனக்குத்தானே குத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் மிளகு பறிக்க நாற்பதடி மரம் ஏறிய மனுசன்தான். இப்போது ஆள் விட்டுப் பறித்து, கட்டிலில் படுத்தபடி மேற்பார்வை. ஊசி என்றதும் டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்கண்ணனுக்கு இதே வியாதியில கால்ல ரெண்டு வெரலு போச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்றாள் மனைவி பெருமாயி.

"இருக்குது, இருக்குது. நான் நடக்கற நடையில இந்த மலையே தேயப்போவுது, பாரு!"

மலை தேயவில்லை. முதல் நாள் நடை, வீட்டிலிருந்து இருநூறு அடியில் சின்னக்கண்ணு டீக்கடையில் முடிந்தது. வீட்டில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துக் கிடந்தது. மூன்று கரண்டி போட்டு ஒரு டீ. பெஞ்சில் முக்கால் மணி நேரம். கிளம்பும்போது சட்டையில் இரண்டு கை தண்ணீர். வேர்வை தயார்.

"தை மாசப் பனியில என்னமா வேர்த்திருக்குது!" என்று துண்டை நீட்டினாள் பெருமாயி. ஐந்து நாள் நீட்டினாள். ஆறாம் நாள் சட்டையை மோந்து பார்த்தாள். வேர்வை வாடையே இல்லை.

ஏழாம் நாள் சின்னக்கண்ணு கொடுத்த டீ கசந்தது.

"ஏப்பா, சக்கரை?"

"போட முடியாதுங்க மாமா. போட்டா நாளையில இருந்து பால் வராதாமா."

"யாரு சொன்னா?"

"பால் ஊத்தறவங்கதானுங்க."

பால் ஊற்றுவது பெருமாயி. ஐந்து மாடு வைத்து, அந்த ரோட்டுக் கடைகளுக்கெல்லாம் அவள்தான் ஊற்றுகிறாள். எட்டாம் நாள் அடுத்த கடை. அதே பதில். ஒன்பதாம் நாள் வளைவில் இருக்கும் அத்தாயி கடை.

"அண்ணா, நீங்க கெஞ்சுனா எனக்கு மனசு கேக்காது. அதனால கெஞ்சறதுக்கு முன்னாலயே போயிருங்க."

வீட்டில் போய்ச் சண்டை போடலாமா? போட்டால், நடக்கப்போன ஆளுக்கு டீக்கடையில் என்ன வேலை என்று வரும். வாயைத் திறக்கவும் வழியில்லை, இனிக்கவும் வழியில்லை.

அன்று ராத்திரி மூளை வேலை செய்தது. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் பெருமாயி பால் ஊற்றுவதில்லை!

மூன்று கிலோமீட்டர். பாதி ஏற்றம். முதல் பஸ் ஏழரைக்குத்தான்; அதற்குள் வீடு திரும்ப வேண்டும். நடந்தார். ஒரு டீக்கு ஒரு மனுசன் இந்தப் பாடா என்று திட்டிக்கொண்டே நடந்தார். அங்கே முதல் வாய் குடித்ததும் நாக்கு எழுந்து உட்கார்ந்தது. மறுநாளும் நடந்தார். அதற்கு மறுநாளும்.

இப்போது பெருமாயி சட்டையை மோந்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியில் போட்டாள்.

"எது வரைக்கும் போனீங்க?"

"சும்மா, கால் போன பக்கம்."

"கால் நல்ல பக்கமாத்தான் போவுது."

ஏமாந்துவிட்டாள் என்று அர்த்தனாரிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

இரண்டு மாதம் முடிந்தது. நாமக்கல் டாக்டர் சீட்டைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கே! ஊசி வேண்டாம். என்ன செஞ்சீங்க?"

"நடந்தேனுங்க." அந்த வார்த்தை அவர் வாயில் முதல் தடவை உண்மையாக வந்தது.

"தினமும் உங்க மலை ஏத்த எறக்கத்துல நடந்தா, ரத்தத்துல சும்மா சுத்தற சக்கரைய உடம்பு எடுத்துச் செலவு பண்ணிரும். நடையையும் மாத்திரையையும் விட்ராதீங்க. டீ குடிச்சா சக்கரை இல்லாமக் குடிங்க. இன்னும் குறையும்."

"சக்கரையா? கண்ணாலயே பாக்கறதில்லீங்க."

பெருமாயி கூரையைப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். "பாத்தியா புள்ள? ஆம்பள ஒண்ண நினைச்சா முடிச்சிருவான்."

"ஆமாங்க. அந்தச் செம்மேட்டுக் கடைக்காரர் பொங்கல்ல இருந்து எங்கிட்டப் பால் கேட்டுட்டே இருக்காருங்க. நீங்க நடந்து பழகட்டும்னுதான் ஊத்தாம வெச்சிருந்தேன்."

அர்த்தனாரி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்ப?"

"நாளையில இருந்து ஊத்தறேன். இனிமே இன்னும் தூரமா இருக்கற சோளக்காடு ஊர்க் கடைதான் பாக்கி. ஒரு மணி நேரம் முன்னாலயே எழுப்பி உடறேனுங்க."