விதி பதினான்கு: அளவுக்கு மீறி நன்றாக அடித்தல்

டன்லோ நகரத்தின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறை, பெரியவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதற்கான விதிமுறைகளை வகுக்க, பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை ஆறரை மணிக்குக் கூடியது. வெளியே பனி இடுப்பளவு கிடந்தது. நெப்ராஸ்காவில் அந்த மாதத்தில் மகிழ்ச்சியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே அதற்கு விதி எழுத அதைவிடப் பொருத்தமான காலமும் கிடையாது.

எங்கள் ஊரில் ஆடுவது மெதுவாகப் பந்தெறியும் சாஃப்ட்பால், பேஸ்பாலின் சாதுவான தம்பி. கையைத் தாழ்த்தி, அடிப்பவருக்கு வாகாக, வானவில் மாதிரி வளைத்துப் பந்தைப் போட வேண்டும். வளைவு ஆறடிக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டு அடிக்கு மேலே போகக் கூடாது. பகல் முழுக்க டிராக்டர் ஓட்டியவரும் பல் பிடுங்கியவரும் சாயங்காலம் வந்து ஆளுக்கு நாலு அடி அடித்துவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து பீர் குடித்துவிட்டு வீடு திரும்புவதற்காக ஏற்பட்டது. முப்பது வருடமாக விதிமுறை மொத்தமே அரைப் பக்கம்தான். அதிலும் பாதி, நாய்களை மைதானத்துக்குள் விடாதீர்கள் என்பது.

அப்புறம் டிராவிஸ் வந்து சேர்ந்தான். உரக் கிடங்கில் வேலை. இருபத்தாறு வயது. ஃபிரிட்ஜுக்குச் சட்டை மாட்டிய மாதிரி உடம்பு. அவன் அடித்த பந்தெல்லாம் வேலிக்கு மேலே பறந்து சோளக் காட்டுக்குள் விழும். ஒரு பந்து காக்கை ஒன்றோடு சேர்ந்து மேலே போய், வேறொரு காக்கையோடு இறங்கி வந்ததை நானே பார்த்தேன். அந்த வருட அறுவடையில் ஏக்கருக்கு நூற்றெண்பது மூட்டைச் சோளமும் நாலு பந்தும் கண்டோம்.

இதில் மனம் புழுங்கியவர் விதைக்கடை எமில் வோண்ட்ரா. டிராவிஸ் ஆடியதே இவருடைய அணியில்தான். வயது அறுபத்து மூன்று. முப்பத்தோரு வருடமாக ஆடுகிறார். ஒரு பந்தும் வேலியைத் தாண்டியதில்லை. ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது நன்றாகத் தெரியும். "ஒரே ஒரு ஹோம் ரன் யா. ஒண்ணு அந்தப் பக்கம் போயிடட்டும், மட்டையைப் பரண்ல தூக்கிப் போட்டுடறேன்" என்று ஒவ்வொரு வருடமும் என்னிடம் சொல்வார். அந்த மட்டை பரணைப் பார்த்ததே இல்லை.

அவர்தான் எழுந்தார்.

"ஒரு ஆட்டத்துக்கு, ஒரு அணிக்கு, ஒரே ஒரு ஹோம் ரன். அதுக்கு மேல போனா அவுட்டு."

"என்ன பெரிசு, நல்லா அடிச்சா அவுட்டா?" என்றான் டிராவிஸ்.

"நல்லா அடிக்கிறது தப்பில்ல தம்பி. அளவுக்கு மீறி நல்லா அடிக்கிறதுதான் தப்பு."

துறையின் இயக்குநர் லோர்னா பெட்டிஜான் அம்மையார் இதை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டார். அவர் பேசினால் சொற்கள் ஸ்டேப்ளர் அடித்த மாதிரி டக் டக்கென்று வரும். இது பதினான்காம் விதி ஆயிற்று.

மெத்தடிஸ்ட் சர்ச் அணியின் தலைவர், பல் டாக்டர் நோலன், கையைத் தூக்கினார். "தெரியாத்தனமா ஒரு பந்து வேலிக்கு மேல போயிட்டா? அதுக்குமா தண்டனை?"

"நியாயமான கேள்வி" என்றார் அம்மையார். உடனே அதற்கும் ஓர் உட்பிரிவு பிறந்தது: அடித்தவர் கருதாமல் நேர்ந்த ஹோம் ரன் இந்தக் கணக்கில் சேராது.

ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். கூட்டம் முடிந்தால்தான் கேக்கில் கத்தி வைப்பார்கள்.

மே மாதத்துக்குள் அரைப் பக்கம் நாற்பத்தொரு பக்கமாக வளர்ந்திருந்தது. பந்தின் வளைவை அளக்க, ஆறடியிலும் பன்னிரண்டு அடியிலும் சிவப்புக் கோடு போட்ட கம்பம் ஒன்று வந்தது. கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு துணைக் குழு வந்தது. அடிப்பவர் அடிக்கும்படி பந்தைப் போட வேண்டும் என்றது விதி நான்கு. அப்படிப் போட்டதை அடித்துவிடக் கூடாது என்றது விதி பதினான்கு. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒன்பது விதிகள் தண்ணீர் குடிப்பது பற்றியவை.

ஆகஸ்டில் இறுதி ஆட்டம். விதைக்கடை அணியும் மெத்தடிஸ்டுகளும். முதல் சுற்றிலேயே டிராவிஸ் ஒன்றை வேலிக்கு மேலே அனுப்பிவிட்டான். அணியின் பங்கு அதோடு சரி. அதற்கப்புறம் பாவம், எறும்பை மிதிக்கப் பயப்படுகிறவன் மாதிரி மட்டையைத் தரையோடு தடவிக்கொண்டிருந்தான்.

கடைசிச் சுற்று. இரண்டு பேர் அவுட். விதைக்கடை ஒரு ரன் பின்தங்கியிருந்தது. முதல் தளத்தில் ஓர் ஆள். அடிக்க வந்தவர் எமில்.

நோலன் பந்தைப் போட்டார். அது மேலே போய், இரண்டு சிவப்புக் கோட்டுக்கும் சரிநடுவில் ஒரு கணம் உட்கார்ந்து, இறங்கியது. எமில் வீசினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து போனது, போனது, வேலிக்கு மேலே ஒரு பனை உயரத்தில் போய்ச் சோளத்துக்குள் மறைந்தது. எமில் ஓடவில்லை. மட்டையைக் கீழே போடவும் மறந்து, ஞானஸ்நானம் வாங்கியவர் மாதிரி நின்றார்.

நடுவர் மெல்வினுக்குப் பகலில் சவ அடக்க நிலையத்தில் வேலை. அதற்கேற்ற குரல். விரலை எச்சிலில் நனைத்துப் பக்கம் புரட்டினார். "விதி பதினாலு. இந்த அணியோட ஒண்ணு ஏற்கெனவே போயாச்சு. ஆழ்ந்த வருத்தத்தோட தெரிவிக்கிறேன். அவுட்."

"எந்த முட்டாள்யா இந்த விதியைக் கொண்டு வந்தவன்?" என்று கத்தினார் எமில்.

இருநூறு பேரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரிசு, சொல்லட்டுமா?" என்றான் டிராவிஸ்.

எமில் மனுப் போட்டார். வியாழக்கிழமை விசாரணை. அம்மையார் ஒரு படிவத்தை நகர்த்தி வைத்தார். 'மேற்படி ஹோம் ரன் என் திறமையாலோ விருப்பத்தாலோ நேர்ந்ததல்ல என்று இதனால் உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு. போட்டால் ஹோம் ரன் செல்லும், இரண்டு ரன் சேரும், ஆட்டம் கைக்கு வரும், கோப்பையும் வரும்.

"போட்டுத் தொலைங்க பெரிசு, ஒரு கோடு தானே" என்றான் டிராவிஸ்.

"முப்பத்தோரு வருஷமா நெனச்சு நெனச்சு அடிச்சதெல்லாம் இந்தப் பக்கமே விழுந்துச்சு. ஒண்ணே ஒண்ணு நெனச்சபடி போச்சு. அதைப் போய் நான் நெனக்கவே இல்லன்னு எழுதித் தரணுமா? வேணும்னேதாம்மா அடிச்சேன்!"

"வேணும்னே அடிச்சதுக்கு ஆதாரம்?"

"பந்து சோளக் காட்டுல கிடக்கே!"

"அது பந்து போனதுக்கு ஆதாரம் மிஸ்டர் வோண்ட்ரா. நீங்க அனுப்பினதுக்கு இல்ல."

அதற்கான ஆதாரத்தை அம்மையார் என்னிடம் கேட்டார். காப்பிக் கறையோடு முப்பத்தோரு ஸ்கோர் நோட்டுகளையும் பெருமையாகச் சுமந்துகொண்டுபோய் வைத்தேன். அம்மையார் கூட்டிப் பார்த்தார். எமில் அதற்கு முன் மட்டை பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு தடவை. வேலி தாண்டியது பூஜ்யம். எமில் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

தீர்ப்பு வந்தது: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு முறை முயன்றும் இயலாத ஒன்றை, மனுதாரர் அடுத்த முறை வேண்டுமென்றே செய்தார் என்பது நம்பத்தக்கதாக இல்லை. அவர் மறுத்தபோதிலும், அது தற்செயலே என இத்துறை தீர்மானிக்கிறது. ஹோம் ரன் செல்லும்."

அணி ஆரவாரத்தோடு எமிலைத் தோளில் தூக்கிக்கொண்டது. "இறக்குங்கடா! நான் மேல்முறையீடு பண்ணணும்!" என்று அவர் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது.

"அப்படின்னா அந்தப் பந்தை நான் போட்டதும் தற்செயல்தான்" என்று நோலன் மறுநாளே ஒரு படிவம் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் முந்நூறு படிவங்கள் சேர்ந்தன. ஒருவர், தான் இந்த அணியில் சேர்ந்ததே தெரியாமல் நடந்தது என்று எழுதியிருந்தார்.

அம்மையார் சளைக்கவில்லை. அடுத்த பிப்ரவரியில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உறுதிமொழி கொண்டு வந்தார். ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே ஒரு தரம் கையெழுத்திட்டால் போதும்: 'எனக்கு இந்த ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க திறமை எதுவும் இல்லை. இனி என்னால் ஏதேனும் நல்லது நேர்ந்தால் அது தற்செயலே.' ஸ்கோர் எழுதுகிறவனுக்கும் அதேதான். நான் கண்ணாடியைத் தேடக்கூட இல்லை, போட்டுவிட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று பேர் வரிசையில் நின்று போட்டோம்.

எமில் இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் திறமை இருக்கு."

"அப்போ நீங்க பொழுதுபோக்கு ஆட்டக்காரர் இல்ல. இங்க திறமைசாலிகளுக்கு இடம் கிடையாது" என்றார் அம்மையார், மிகுந்த மரியாதையோடு.

இப்போது டிராவிஸ் ஒரு மாலைக்கு ஆறு ஹோம் ரன் அடிக்கிறான். ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் கை வைத்து "அய்யய்யோ!" என்கிறான். அந்தச் சுற்று வட்டாரத்திலேயே திறமை உள்ளவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரே ஆட்டக்காரர், பார்வையாளர் பலகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஒரு கையெழுத்துதானே எமில், போட்டுட்டு வந்து ஆடலாமில்ல? நாங்க அத்தனை பேரும் போடலையா?"

"போட்டீங்க. அதுல யாராவது ஒருத்தன், இது பொய், எனக்குத் திறமை இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போட்டானா?"

அவர் அடுத்த விதையைத் துப்புவதற்குள் மைதானத்தில் ஒரு பந்து, குழந்தை கூடப் பிடித்துவிடுகிற பந்து, மேலே எழும்பியது. கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான்கு பேரும் "எனக்கு! எனக்கு!" என்று கத்தினார்கள். பந்து நடுவில் விழுந்தது.

நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டேன்.