காதலர் தேவை, சான்றிதழ் அவசியம்

காதலைப் பற்றி உலகில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் காதலுக்கு விதிமுறை வகுத்து, மழைக்கும் வெயிலுக்கும் அழியாதபடி பீங்கான் ஓட்டில் சுட்டு, வாசலில் பதித்த பெருமை விருத்தாசலம் பீங்கான் நகர் பூங்கா நலச் சங்கத்தையே சாரும். விதி ஒன்று: ஜோடியாக வருவோர் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். விதி இரண்டு: காட்டிய பிறகும் இடையே ஒரு முழம் இடைவெளி வேண்டும்.

இந்தப் பண்பாட்டைப் பதினோரு ஆண்டுகளாக ஒற்றை விசிலால் காத்துவந்தவர் காவலாளி கொளஞ்சி. தற்காலிகப் பணிதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் "நிரந்தரம் ஆக்கிடலாம்" என்பார் சங்கத் தலைவர் திருமால். பதினோரு பொங்கல் போய்விட்டது.

அப்படிப்பட்ட பூங்காவுக்குத்தான் சென்னையிலிருந்து இயக்குநர் ரெஜினா படமெடுக்க வந்தார். ஐந்து பெஞ்சு, ஐந்து ஜோடி, ஐந்து காதல். நடிகர்கள் வேண்டாம், உள்ளூர் முகங்களே போதும் என்றார். சங்கம் அவசரக் கூட்டம் போட்டு மூன்று மணிநேரம் விவாதித்தது.

"காதலிக்கட்டும், ஆட்சேபணை இல்ல. ஆனா விதிப்படி காதலிக்கணும். சான்றிதழ் உள்ளவங்க மட்டும்," என்று தீர்ப்பளித்தார் திருமால். பிறகு கொளஞ்சி பக்கம் திரும்பினார். "ஷூட்டிங் நல்லபடியா முடிஞ்சா ஒனக்கு ஆர்டரு. கையெழுத்து போட்டு ரெடியா இருக்குது."

கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

சான்றிதழ் பெற்ற காதலர்கள் வந்து குவிந்தார்கள். முதல் பெஞ்சில் அன்னமேரியும் அந்தோணிமுத்துவும். 'ஆக்‌ஷன்' என்றதும் அன்னமேரி கணவரின் கண்களை ஆழமாகப் பார்த்து, "கேஸ் சிலிண்டருக்கு சொன்னீங்களா இல்லியா?" என்றார். தலைவர் திருமாலே முன்மாதிரியாக மனைவி நீலாவதியோடு இரண்டாம் பெஞ்சில் அமர்ந்தார். கையைப் பிடிக்கச் சொன்னார் ரெஜினா. தலைவர் பிடித்தார். நீலாவதி பதறிப்போய், "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றார்.

மூன்றாம் நாள் ரெஜினா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊர்ல யாருமே காதலிச்சதில்லையா?"

கொளஞ்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா இல்லாம? நாப்பத்திரெண்டு ஜோடிய நானே புடிச்சிருக்கேன்!" என்று ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தார். அரிய ஆவணம். தேதி, நேரம், பெஞ்சு எண், 'குற்றம்' எல்லாம் இருந்தது. 'மாலை 4.20. மூன்றாம் பெஞ்சு. கயல்விழி. சத்தமாகச் சிரித்தது.' ஒரேயொரு குறைதான். அத்தனை பக்கத்திலும் இருந்தவை அப்பாக்களின் போன் நம்பர்கள்.

கடமை தவறாத கொளஞ்சி அப்பாக்களுக்கே போன் போட்டார்.

"ஐயா, பார்க்கு வாட்ச்மேன் பேசறேங்க. ஒங்க பொண்ணு மறுபடியும் காதலிக்கணுங்க."

வேப்பூர் அப்பா திட்டிய திட்டில் கொளஞ்சியின் காது சிவந்துவிட்டது. திட்டக்குடி அப்பா நன்றி சொன்னார்: "நீ போன் பண்ண மறுவாரமே மாப்ள பாத்து முடிச்சிட்டேன். எல்லாம் ஒன் புண்ணியம்." நாற்பத்திரண்டு அப்பாக்களும் 'முடித்து' வைத்திருந்தார்கள். ஒரு ஜோடிகூட ஜோடியாக இல்லை. சங்கத்தின் வெற்றி நூறு சதவீதம் என்று திருமால் அங்கேயே கைதட்டினார். கொளஞ்சியும் தட்டினார். ஏனோ சத்தம் வரவில்லை.

நாற்பத்திரண்டாம் அப்பா மட்டும் நல்லூரிலிருந்து மகளை அனுப்பிவைத்தார், சான்றிதழோடும் தான் பார்த்து முடித்த மாப்பிள்ளையோடும். கயல்விழி மூன்றாம் பெஞ்சில் அமர்ந்தாள். மாப்பிள்ளை தானாகவே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து போனில் மூழ்கினார். விதிமீறல் துளியும் இல்லை. திருமால் ஆர்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"சிரிங்க," என்றார் ரெஜினா.

கயல்விழி உதட்டை விரித்தாள், ஆதாருக்கு போட்டோ எடுப்பது மாதிரி. இருபது முறை எடுத்தும் அதே விரிப்புதான்.

"இது வரலன்னா பேக்கப்," என்றார் ரெஜினா. திருமால் ஆர்டரை மறுபடி பைக்குள் வைக்கப் போனார். கொளஞ்சி நோட்டும் கையுமாக பெஞ்சுக்கு ஓடினார்.

"ஏம்மா, அன்னிக்கி வாசல் வரைக்கும் கேட்டுச்சே ஒன் சிரிப்பு. அதே மாதிரி ஒரே ஒரு தடவ சிரிம்மா. அண்ணனுக்கு வேல நெரந்தரமாவும்."

கயல்விழி நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நான் எப்படி சிரிச்சேன்னு எங்கப்பாவுக்கு போன்ல சிரிச்சே காட்டுனீங்களாமே அண்ணே. எனக்கும் ஒருதடவ காட்டுங்க. மறந்துபோச்சு."