சீதனமாய்ப் போன இடக்கைப் பந்துவீச்சாளர்

மகளுக்கு ஒரு பெடியனைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பெடியனின் ஊருக்குப் போய், அவன் வீட்டுக்குக் கிட்டவுள்ள கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்க வேண்டும். தொலைந்த மாட்டைத் தேடி வந்ததாகச் சொல்ல வேண்டும். நாம் மாடு தேடி வரவில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் மாட்டின் நிறம், குறி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் பெடியனின் குணத்துக்கு வருவார்.

இந்த அருமையான முறையை விட்டுவிட்டு, கம்பியூட்டரில் பேஸ்போல் அணி நடத்தி மருமகனை விசாரிக்கப் போன ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன். நடந்து சில வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் லாப்டொப்பைத் திறக்கும்போது வருகிற அந்த ‘டிங்’ சத்தத்துக்கு எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

எங்கள் வீடு பரந்தனில். குளத்துத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கிடுகிற உத்தியோகம் எனக்கு. மனைவி மனோ ஆசிரியை. ஒரே மகள் துளசி ரொறன்ரோவில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். நான் இயல்பிலேயே பயந்தவன். மகள் வட்ஸ்அப்பில் கொஞ்சநேரம் தென்படாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பரந்தனில் மழை பெய்தால் நனைந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் எப்போது பனி கொட்டும் என்பது முதல்நாளே தெரியும்.

ஒரு காலை அவள் அழைத்தாள். “அப்பா, அம்மாவையும் கூப்பிடுங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்.”

விசயத்தின் பெயர் ஜெறோம்.

“ஊர் எது?” என்று கேட்டேன். (வேறு எதைக் கேட்பது?)

“ரொறன்ரோ.”

“அதுக்கு முதல்?”

“அவற்ற அம்மா அப்பா முல்லைத்தீவுக் கரைப்பக்கம். வேதக்காரர். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இஞ்சதான்.”

கிறிஸ்தவப் பெடியன் என்று மனோ யோசிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, “அப்ப நல்ல நண்டுக்கறி வைக்கத் தெரிஞ்ச குடும்பம்” என்று அந்த விசயத்தை அத்தோடு முடித்துவிட்டாள். எனக்குத்தான் முடியவில்லை. முல்லைத்தீவுக்குப் போய் விசாரிக்கலாம். ஆனால் பிறப்பதற்கு முன்பே வெளிநாடு போய்விட்ட பெடியனைப் பற்றி எந்தக் கடைக்காரர் சொல்லுவார்? மாட்டைப் பற்றித்தான் சொல்லுவார்.

என் முகத்தைத் திரையில் பார்த்தே துளசிக்கு விளங்கிவிட்டது. “அப்பா, இஞ்ச இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தரிட்டையும் விசாரிக்கக்கூடாது. இன்னொண்டு, சீதனக் கதை ஒண்டும் வரக்கூடாது. ஒரு சாமான் குடுத்தீங்கள் எண்டு கேள்விப்பட்டாலும் நான் இந்தக் கலியாணத்தைக் கட்டமாட்டன். முதலே சொல்லிப்போட்டன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். சின்னவயதில் கத்தரிக்காய் சாப்பிடமாட்டேன் என்றவள் இன்றுவரை சாப்பிடவில்லை.

ஜெறோமுடன் நானே கதைத்துப் பார்த்தேன். “சுகமா அங்கிள்?” என்றார். “சுகம் தம்பி. அங்க குளிரோ?” என்றேன். “ஓம் அங்கிள், குளிர்” என்றார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வானிலை தீர்ந்துவிட்டது. இப்படி எத்தனை தடவை கதைத்தாலும் ஒரு மனிதனின் குணம் தெரியப்போவதில்லை. கொஞ்சநாளில் துளசியே ஒரு வழி சொன்னாள். அவளும் ஜெறோமும் வேலையிடத்துச் சிநேகிதரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஆளுக்கொரு பேஸ்போல் அணி. பந்தடிப்பதில்லை, அணியை நிர்வாகம் செய்வது மட்டும்தான். ஆளை எடுப்பது, விடுவது, மாற்றுவது. மற்றதைக் கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும். ஓர் அணிக்கு ஆளில்லையாம்.

“நீங்கள் அதை எடுங்கோவன். ஒராள் எப்பிடிப்பட்டவர் எண்டு அதுக்குள்ள நல்லாத் தெரியும்” என்றாள்.

நான் பெடியனாக இருந்தபோது எல்லே என்ற தடிப்பந்து விளையாடியவன். மென்பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓடுவதுதானே, பேஸ்போல் என்ன பெரிய வித்தை என்று ஒப்புக்கொண்டேன். நிர்வாகமோ, அது என் தொழில்.

துளசி அங்கேயிருந்தபடியே என் லாப்டொப்புக்குள் விளையாட்டை ஏற்றினாள். யாரும் தொடாமலே அம்புக்குறி திரையில் ஓடியதைப் பார்த்த மனோ, பேய் பிடித்தவர்களுக்குப் போடுகிற திருநீற்றை எடுத்துவந்து கீபோர்ட்டில் போட்டுவிட்டாள். (இன்றுவரை சில எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன.)

திறந்தால் பந்தும் இல்லை, தடியும் இல்லை. எண்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பக்கம் நிறைய எண்கள். வலக்கை எறிவுக்கு எப்படி அடிப்பான், இடக்கை எறிவுக்கு எப்படி அடிப்பான், ஓட்டம், களைப்பு, மனநிலை. இரண்டு பெட்டிகளைத் தொட்டால் பத்துப் பெட்டிகள் திறந்தன. உதவிப் பயிற்சியாளர் என்று ஒருவர் வேறு. இல்லாத ஆள்தான், ஆனால் ஓயாமல் கடிதம் போடுவார். ‘உங்கள் முடிவு குறித்துக் கவலையடைகிறேன்’ என்று நான் ஒரு முடிவும் எடுப்பதற்கு முன்பே எழுதினார். என்னைவிடப் பயந்த ஒரு சீவனை வாழ்க்கையில் முதல்தடவை சந்தித்தேன்.

பயந்தாலும் பொறுப்பை ஏற்றபின் விடுவேனா? முதலில் அடிக்கப்போகிறவர்களின் வரிசையைப் பார்த்தேன். நல்லாய் அடிக்கிறவர்களெல்லாம் முன்னால் நின்றார்கள். அடிக்கத் தெரியாத பாவங்கள் கடைசியில். எனக்கு இரத்தம் கொதித்தது. வாய்க்காலில் நான் இத்தனை காலம் போராடுவது இதற்கெதிராகத்தானே! மேல்வயல்காரர் முதலில் பாய்ச்சினால் கடைசி வயலுக்குச் சேறுதான் வரும். அதனால் எங்கள் முறை, வாய்க்காலின் கடைசி வயலுக்கு முதல் தண்ணீர். வரிசையை அப்படியே தலைகீழாக்கினேன். மிக மோசமாக அடிக்கிற, ஒல்லியான ஒருவனை முதலாவதாகப் போட்டபோது கண் கலங்கியது. அவனுக்கு இப்படியொரு நியாயம் எவரும் செய்திருக்கமாட்டார்கள்.

அடுத்தது பந்து எறிகிறவர்கள். இங்கேதான் நிர்வாகச் சீர்கேட்டின் உச்சத்தைக் கண்டேன். டொமிங்கோ என்று ஓர் இடக்கைக்காரன், அணியிலேயே சிறந்தவன். ஒருநாள் எறிந்துவிட்டு நான்கு நாள் சும்மா இருக்கிறான்!

“பார்த்தீரோ மனோ, ஒருநாள் வேலை, நாலு நாள் லீவு.”

“அதுக்கு ஏதும் காரணம் இருக்குமப்பா.”

“காரணம் சொல்லாத உத்தியோகத்தர் ஆர்?”

டொமிங்கோவை நாள்தோறும் எறியவிட்டேன். உதவிப் பயிற்சியாளர் அவனுடைய தோள்மூட்டைப் பற்றிக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். கடிதங்களை நிறுத்துகிற பொத்தானைக் கண்டுபிடித்தேன். அந்த விளையாட்டில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே விசயம் அதுதான்.

நாங்கள் தொடர்ந்து தோற்றோம். ஆனால் டொமிங்கோ எறிந்ததால் சில ஆட்டங்களில் தோல்வி கௌரவமாக இருந்தது. அது ஜெறோமின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஒரு காலை ‘டிங்’ என்றது. ஜெறோமிடமிருந்து ஒரு பரிமாற்றக் கோரிக்கை. டொமிங்கோவைத் தந்தால் இளம் வீரர்கள் இரண்டுபேரைத் தருகிறாராம். ‘உங்களுக்கு விருப்பமெண்டா மட்டும், அங்கிள். எப்படி மாத்தினாலும் ஓகே’ என்று கீழே ஒரு வரி.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாப்பிள்ளைப் பகுதி வாய்திறந்து கேட்ட முதலாவது சாமான்!

“இஞ்சேரும், ஜெறோம் ஒண்டு கேட்டிருக்கிறார்.”

மனோ குசினிக்குள்ளிருந்தபடியே, “கேட்டால் குடுங்கோவன். பிள்ளைக்குத்தானே” என்றாள். எதைக் கேட்டார் என்று அவள் கேட்கவில்லை.

கேட்டதைக் கொடுப்பது சரி. ஆனால் மருமகனாக வரப்போகிறவரிடமிருந்து பதிலுக்கு இரண்டுபேரை வாங்குவதா? சனம் என்ன சொல்லும்? அந்த இரண்டு இளைஞரின் பெயரையும் கோரிக்கையிலிருந்து அழித்தேன். டொமிங்கோவை மட்டும் தனியே அனுப்பினேன். அது கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தது. எங்களிடம் நல்லாய் ஓடுகிற ஒருவன் இருந்தான். அவனையும் சேர்த்து அனுப்பினேன்.

வேலைக்கு நடுவில் இருந்த ஜெறோம், பெரிய மனிதர் அனுப்பியதை உள்ளே திறந்து பார்ப்பது மரியாதையல்ல என்று, பார்க்காமலே சம்மதப் பொத்தானை அழுத்திவிட்டார். (மரியாதையால் அழிந்த விசயங்களை யாராவது கணக்கெடுத்தால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

கொஞ்சநேரத்தில் லாப்டொப் நிறுத்தாமல் ‘டிங் டிங்’ என்று அடிக்கத் தொடங்கியது. சிநேகிதர் வட்டம் முழுவதும் கொதித்தெழுந்திருந்தது. கள்ளப் பரிமாற்றம், குடும்பக் கூட்டுச்சதி, மாமனாரும் மருமகனும் சேர்ந்து வெற்றிக் கிண்ணத்தைத் திருடுகிறார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். போட்டியை நடத்துகிற கெவின் என்ற பெடியன் மட்டும் பண்பாக, ‘ஐயா, ஒன்றும் வாங்காமல் சிறந்த வீரரைக் கொடுத்ததன் நோக்கம் என்ன?’ என்று கேட்டிருந்தான். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் இதற்கு எந்த மொழியில் பதில் சொல்வது?

அதற்குள் துளசி அழைத்தாள். வணக்கமில்லை, சுகமில்லை.

“அப்பா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“அவர் கேட்டவர் பிள்ளை…”

“அவர் மாத்தக் கேட்டவர். நீங்கள் சும்மா குடுத்திருக்கிறீங்கள். போதாதெண்டு மேலால இன்னொராளையும்! இதுக்கு எங்கட ஊரில என்ன பேர்?”

நான் லாப்டொப்பை மூடினேன்.

“சொல்லுங்கோ. என்ன பேர்?”

“…சீதனம்.”

“கெவின் என்னட்டக் கேக்கிறான், உங்கட ஆக்கள் இப்பவும் இப்பிடித்தானோ எண்டு. நான் எல்லாருக்கும் பெரிசாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், என்ர அப்பா அப்பிடியில்லையெண்டு!” அவளுடைய குரல் உடைந்தது. “நான் முதலே சொன்னனான். இனி இந்தக் கலியாணக் கதை வேண்டாம்.” வைத்துவிட்டாள்.

மனோ என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க என்னிடம் தமிழ் இல்லை. “காணி குடுத்தீங்களோ, நகை குடுத்தீங்களோ?” என்றாள். “பந்தெறியிற ஒருத்தரைக் குடுத்திட்டன்” என்றேன். அவள் மெதுவாக எதிரே அமர்ந்தாள். “ஒரேயொரு பிள்ளை. அவளின்ர கலியாணத்தைப் பந்தெறியிறவனைக் குடுத்துக் குழப்பின தகப்பன் நீங்கள்.”

அடுத்த இரண்டு நாளும் துளசி போனை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொறன்ரோவின் குளிர் மட்டும்.

இதற்கிடையில் அங்கே வேறொன்று நடந்திருந்தது. சண்டை முடிவதற்குள் அன்றைய ஆட்டங்களைக் கம்பியூட்டர் நடத்திவிட்டது. புதிய அணிக்காக முதல் பந்துகளை எறிந்த டொமிங்கோவின் தோள்மூட்டு கிழிந்துபோனது. நான் நாள்தோறும் எறியவிட்டதன் பலன். இனி ஒரு வருடத்துக்குப் பந்தைத் தொட முடியாது. கெவின் தீர்ப்புச் சொன்னான்: பரிமாற்றம் முறையல்ல, ஆனால் ஆட்டம் நடந்து முடிந்துவிட்டதால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவதா என்பதை ஜெறோமே தீர்மானிக்கலாம்.

ஜெறோம் ஓட்டக்காரனைத் திருப்பி அனுப்பினார். டொமிங்கோவை அனுப்பவில்லை. காயப்பட்டவனுக்கான இடத்தில் போட்டு, சம்பளத்தையும் கொடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பருவம் கிண்ணத்துக்குக் கிட்ட நின்ற அவருடைய அணி, அந்தச் சுமையால் இன்னொரு நல்ல எறிகாரனை எடுக்க முடியாமல் கீழே இறங்கத் தொடங்கியது.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே அவரை அழைத்தேன். குளிரைப் பற்றிக் கேட்கவில்லை.

“தம்பி, அவனை ஏன் திருப்பி அனுப்பேல்லை?”

“அது… சொன்னாக் கோவிப்பீங்கள் அங்கிள்.”

“கோவிக்கமாட்டன். சொல்லும்.”

“உங்களிட்ட அனுப்பினா நீங்கள் நாளைக்கே எறியவிடுவீங்கள்.”

அது முழு உண்மை.

“அப்ப வெளியில விட்டிருக்கலாமே?”

“எறிஞ்சு எறிஞ்சுதானே அங்கிள் அவருக்குக் கை போனது. இனி ஏலாது எண்டவுடன வெளியில விட எனக்கு மனம் வரேல்லை.” பிறகு, “விளையாட்டுத்தான் அங்கிள். எண்டாலும்” என்றார்.

காயப்பட்டவர்களைப் பற்றி, யுத்தம் பார்த்த எங்கள் வன்னியில் இருக்கிற எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. “சாப்பிட்டீரோ தம்பி?” என்று மட்டும் கேட்டேன். எந்தக் கடைக்காரரும் இனி எனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மகள்?

“அவள் என்னோட கதைக்கிறாளில்லை” என்றேன்.

“நான் கதைக்கிறன் அங்கிள்.”

அன்று பின்னேரம் துளசி அழைத்தாள். கோபமாக இருக்க முயன்றாள், முடியவில்லை. ஜெறோம் அவளிடம் வழக்கறிஞர்போல வாதாடியிருக்கிறார். சீதனமென்றால் நல்ல சாமான்தான் கொடுப்பார்களாம். உங்கள் அப்பா பாவித்துப் பழுதாக்கியதைத்தான் தந்தார், ஆகவே சட்டப்படி அது சீதனம் ஆகாது என்றாராம்.

“அப்பா, நீங்கள் குடுத்ததை நினைக்க அழுகை வந்தது. பழுதாக்கிப்போட்டுக் குடுத்தனீங்கள் எண்டவுடன சிரிப்பு வந்திட்டுது” என்றாள். ஒரு பெடியனின் தோளை நான் கெடுத்ததால்தான் என் மகளின் கலியாணம் பிழைத்தது.

கலியாணம் வவுனியாவில் நடந்தது. தாலியும் உண்டு, தேவாலயமும் உண்டு, மனோ எதிர்பார்த்த நண்டுக்கறியும் உண்டு. நான் பயந்த ஒரேயொரு கேள்வி மட்டும் பந்தியில் வந்தது. புளியங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு தூரத்துச் சித்தப்பா, என் பக்கம் சாய்ந்து, “என்ன தம்பி, பிள்ளைக்கு என்ன குடுத்தனீர்?” என்றார்.

நான் விழுங்கிக்கொண்டிருந்த சோறு நின்றது. பின்னால் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்த மனோ நிற்காமலே பதில் சொன்னாள்:

“ஒரு இடக்கைக்காரன் சித்தப்பா. தோள்மூட்டு வேலை செய்யாது.”

சித்தப்பா கையிலிருந்த நண்டுக்காலை இலையில் வைத்தார். பிறகு மிகுந்த அனுதாபத்தோடு என் கையைப் பிடித்து, “பரவாயில்லை, மாப்பிள்ளைப் பகுதி ஏற்றுக்கொண்டினம்தானே” என்றார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணப் பேச்சு நடந்தாலும் இந்தக் கதைதான். திருப்பிக் கொடுக்க முடியாத, வேலையும் செய்யாத எந்தச் சாமானுக்கும் எங்கள் வீட்டில் டொமிங்கோ என்றுதான் பெயர். போன கிழமை தண்ணீர் மோட்டர் நின்றபோது மனோ வாசலில் நின்று கூப்பிட்டாள்: “இஞ்சேருங்கோ, உங்கட டொமிங்கோவை வந்து பாருங்கோ!” அயலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் எவருக்கும் பேஸ்போல் தெரியாது.