தீர்த்தம் குடித்த ஹார்டு டிஸ்க்

எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று முகப்பேர் ஹவுசிங் போர்டு முழுக்க ஒரு வதந்தி இருந்தது. கிளப்பியவன் நான்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு ஒரு மூன்று மாத டிப்ளமோவும் (அதில் ஒரு மாதம் வாத்தியாரே வரவில்லை) சட்டைப் பையில் தெரிகிற மாதிரி ஒரு பிளாப்பியும் போதும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் உண்மையில் ஸ்டெல்லா அக்காவின் கடைசி வருஷப் பிராஜெக்டுக்காக அப்பா வாங்கியது. எனக்கோ அது கார் ரேஸ் ஆடவே பிறந்த பெட்டியாகத் தெரிந்தது. ஆனால் அதிலிருந்த ஐந்நூற்று நாற்பது எம்.பி. ஹார்டு டிஸ்க்கில் பிராஜெக்டும் ரேஸும் சேர்ந்து குடித்தனம் நடத்த இடமில்லை. பெரிய டிஸ்க் வாங்க, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் நண்பன் சுரேஷிடம் போனேன்.

"ரெண்டு ஜி.பி. போதும் மாமே. நாலு இன்னாத்துக்கு? ஊட்டையே உள்ள வெக்கப் போறியா?"

"நாலுதான். ஆர்.பி.எம்.மும் அதிகமா இருக்கணும்" என்றேன். (ஆர்.பி.எம். என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ பத்திரிகையில் படித்தது.) பழைய டிஸ்க்கை அவனிடமே தள்ளிவிட்டேன்.

"பிராஜெக்ட்ட புதுசுல ஏத்திட்டியா? பேக்கப் பிளாப்பியெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"எல்லாம் சேஃப்க்கா."

புது டிஸ்க்கில் ஏற்றியது உண்மைதான். ஆனால் பேக்கப் பிளாப்பிகள் பத்திலும் அப்போது இருந்தது பிராஜெக்ட் அல்ல. நண்பன் வீட்டிலிருந்து பத்துத் துண்டாகக் கொண்டுவந்த கார் ரேஸ்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அப்பாவுக்கு ஆர்.பி.எம். நன்றாகவே தெரியும். "நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்தா? எங்க லேத்தே அவ்ளோ சுத்தாது. சுத்தற மெஷினுக்கு மூடி போடு நைனா" என்றார். நான் மேதாவித்தனமாகச் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் பங்கு சாமியார் வந்து மந்திரித்தால்தான் அது ஓடும். புது டிஸ்க்குக்கும் அப்படியே. ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் வந்தார். அக்கம்பக்கத்துப் பிளாட்காரர்களும் கூடிவிட்டார்கள். மூடிய பெட்டியைக் காட்டுவதில் என்ன பெருமை? மூடியைக் கழற்றி, டிஸ்க்கை வயரோடு வெளியே இழுத்து, ஞானப்பாட்டுப் புத்தகத்தின் மேல், சர்க்யூட் போர்டு வெளியே தெரிய மல்லாக்கப் படுக்க வைத்தேன். மானிட்டரில் கார் பறந்துகொண்டிருந்தது.

"இதான் ஃபாதர் மூளை" என்று தொட்டுக் காட்டினேன்.

ஃபாதர் தாராள மனசுக்காரர். பெட்டிக்குப் பொதுவாக ஒரு தெளிப்பு, மூளைக்கென்று தனியாக மூன்று கை தீர்த்தம்.

'டப்'பென்றது. லேசாகப் புகை. கூட்டம் பக்தியோடு "ஆமென்" என்றது. கார் நின்றுவிட்டது.

சுரேஷ் வந்து பார்த்தான். "பூட்ச்சி மாமே. ஞானஸ்நானமும் அடக்கமும் ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க." பழைய டிஸ்க்கை நான் கொடுத்த அன்றைக்கே அழித்து வேறொருவருக்கு மாட்டிவிட்டானாம்.

அக்கா பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் பத்தையும் வரிசையாக வைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. பிராஜெக்ட் கொடுக்க ஐந்தே நாள் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

சுரேஷ் இரவலாகக் கொடுத்த ரெண்டு ஜி.பி.யை மாட்டி, அப்பாவே மூடியின் ஸ்க்ரூக்களை முறுக்கினார். ரஃப் நோட்டைப் பார்த்து நான் வரிவரியாகப் படிக்க, அக்கா டைப் அடித்தாள். ஐந்து நாளும் நான் வேறு வார்த்தை பேச அனுமதி இல்லை. கடைசி நாள் மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாஸும் ஆனாள்.

மன்னித்துவிட்டாள், மறக்கவில்லை. பல வருஷம் கழித்து என் மூத்தவனுக்கு ஞானஸ்நானம். ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றக் கையைத் தூக்கியதும் பின்னாலிருந்து அக்கா குரல்: "தம்பி, பேக்கப் எடுத்தியா?"

இரண்டாவது பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்தாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா பேக்கப்ப ஒழுங்கா எடுத்திருக்கே" என்றாள்.