அறுபத்து நான்கு என்று சொல்லாதவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எண் கேட்டால் எண்ணைச் சொல்லாது. எண்ணின் பெருமையைச் சொல்லும். செருப்புக் கடையில் "அளவு ஒன்பது" என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால், "ஒன்பதை எதால பெருக்கினாலும் விடையோட இலக்கத்தையெல்லாம் கூட்டிட்டே போ, ஒன்பதுலதான் வந்து நிக்கும், தெரியுமா?" என்று தொடங்கி, செருப்புக் கடைக்காரரையே வெறுங்காலோடு ஓட வைத்துவிடும்.

எங்கள் வீட்டில் அந்த இனத்துக்கு மாமா இருக்கிறார். அம்மாவின் தம்பி. கட்டடம் கட்டடமாகப் போய் மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைக் குறிக்கிற வேலை. கரும்பு தின்னக் கூலி கொடுத்தால் சும்மா விடுவாரா?

அவருடைய செல்ல எண் அறுபத்து நான்கு. எட்டை எட்டால் பெருக்கினாலும் வரும், நான்கை நான்கால் பெருக்கி மறுபடி நான்கால் பெருக்கினாலும் வரும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் சிந்தாமல் சிதறாமல் ஒன்றில் போய் நிற்கும். தலைப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் அத்தையைப் பார்ப்பார்.

அக்காவுக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வீடே எதிர்பார்த்திருந்த வேலை. மாமா மீட்டர் பார்க்கிற கட்டடம்தான். எந்த அறை என்று விசாரித்து வைப்பது அவர் பொறுப்பு. அக்கா வாசலில் நின்று போன் செய்தாள்.

"மாமா, எந்த ரூம்?"

"நீயே சொல்லு பாப்போம். அது வர்க்க எண்ணும் கூட, கன எண்ணும் கூட!"

"ஐயோ மாமா, இப்ப கூப்பிட்டுடுவாங்க!"

"கணக்குல நூறு வாங்கினவதானே நீ? யோசிடி!"

வைத்துவிட்டார். விடையை ஊட்டிவிட்டால் ருசி போய்விடுமாம்.

அக்கா பதற்றத்தில் மாமாவின் செல்ல எண்ணை மறந்து, சின்ன எண்ணிலிருந்து யோசித்தாள். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. மறுபடி பெருக்கினாலும் ஒன்று. கணக்கில் பிழையே இல்லை. ஒன்றாம் எண் அறையும் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே பெஞ்சு வேறு. உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தால், துடைப்பமும் வாளியுமாக ஓர் அம்மா வெளியே வந்தார்.

"இண்டர்வியூவா? இது சாமான் ரூமும்மா. மேல, அறுபத்து நாலுக்குப் போ!"

ஓடினாள். கடைசி ஆளாக உள்ளே விட்டு, ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டு, சாயங்காலத்துக்குள் போன் செய்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா வந்தார்.

"என்ன, கண்டுபிடிச்சியா?"

"அறுபத்து நாலுன்னு சொன்னா வாய் வலிக்குமா மாமா? நான் ஒண்ணாம் நம்பர் ரூம் வாசல்ல உக்காந்திருந்தேன்!"

மாமாவின் முகம் வாடியது. வருத்தம் என்று நினைத்தோம்.

"ஒண்ணும் வரும்தான். ஆனா அதை யாருடி கணக்குல சேப்பாங்க? எழுநூத்து இருபத்தொம்பதைத் தேடிப் போயிருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு!"

அம்மா கரண்டியோடு எழுந்தார். "டேய், காலையிலேருந்து இங்க எத்தனை பேர் சாப்பிடாம இருக்கோம் தெரியுமா?"

மாமா எங்களை எண்ணினார். "மூணு பேர்..." முகம் மெல்ல மலர்ந்தது. கரண்டி ஓங்கப்பட்டதால் மூன்றின் பெருமை வெளியே வரவில்லை.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் எழுநூற்று இருபத்தொன்பது என்றதும் ஒரு நொடி நின்று, இருபத்தேழை இருபத்தேழால் பெருக்கிப் பார்த்தது யார்? சரியாகத்தான் வருகிறது. ஒன்பதின் கனமும் அதுதான். மகிழ்ச்சி.

போன் வரவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.